எண்பது ஸ்டட்: சயானோ நீர்மின் நிலையம் மூழ்கிய கதை

போல்ட் என்றால் ஒரு முனையில் தலை இருக்கும். தலை இல்லாமல் இரண்டு முனையிலும் மரை போட்ட இரும்புத் தண்டுக்குப் பட்டறையில் ஸ்டட் என்று பெயர். கீழ் முனையை அசையாத பாகத்தில் திருகி இறக்குவார்கள். மேல் முனையில் மூடியை உட்காரவைத்து நட்டு போட்டு இறுக்குவார்கள். தெற்கு சைபீரியாவில் யெனிசெய் ஆற்றின் மீது இருக்கும் சயானோ-சுசென்ஸ்காயா நீர்மின் நிலையத்தில் ஒவ்வொரு டர்பைனின் மூடியையும் இப்படி 80 ஸ்டட்கள் பிடித்து வைத்திருந்தன. ஒவ்வொன்றும் 8 சென்டிமீட்டர் விட்டம். 2009 ஆகஸ்ட் 17 காலை 8:13 மணிக்கு, இரண்டாம் எண் டர்பைனின் மூடியைப் பிடித்திருந்த ஸ்டட்கள் முறிந்தன. அந்த விபத்தில் 75 பேர் இறந்தார்கள்.

அணைக்கு ஒன்றும் ஆகவில்லை. 242 மீட்டர் உயரமுள்ள அந்தக் கான்கிரீட் சுவர் அன்றைக்கும் நின்றது, இன்றைக்கும் நிற்கிறது. அணை விபத்து என்று கேட்டதும் சுவர் உடைந்து ஊர்கள் அடித்துச் செல்லப்படும் காட்சிதான் நம் கண்முன் வரும். இங்கே நடந்தது வேறு. தேங்கிய நீர் தன் முழு அழுத்தத்தோடு, மூடி பெயர்ந்த ஒரு துவாரத்தின் வழியாக, ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்த கூடத்துக்குள் ஏறியது. எனவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ஸ்டட்கள் ஏன் முறிந்தன? முறிந்த பிறகு தண்ணீரை நிறுத்த ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏன் ஆனது? பத்திரிகைகள் முதல் கேள்வியைத்தான் அதிகம் எழுதின. என் கணக்கில் இரண்டாவதுதான் கனமானது.

முதலில் அந்த நிலையத்தைத் தெரிந்துகொள்வோம். சயான் மலைத்தொடரைக் குடைந்துகொண்டு யெனிசெய் வெளியே வரும் இடம் அது. ரஷ்யாவின் ககாசியா குடியரசில் இருக்கிறது. பக்கத்து வட்டாரத்தில் உள்ள சுசென்ஸ்கொயே கிராமத்தில் லெனின் 1897 முதல் 1900 வரை நாடு கடத்தல் தண்டனையைக் கழித்தார். நிலையத்தின் பெயரில் பாதி அங்கிருந்து வந்தது. சோவியத் அரசு 1963-ல் வேலையைத் தொடங்கியது. 1975 அக்டோபரில் ஆற்றை மறித்தார்கள். 1978 டிசம்பரில் முதல் யூனிட் மின்சாரம் கொடுத்தது. 1985-ன் முடிவில் பத்தாவது யூனிட்டும் ஓடத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 640 மெகாவாட், மொத்தம் 6,400 மெகாவாட். ரஷ்யாவின் மிகப் பெரிய மின் நிலையம் இதுதான்.

அணையின் நீளம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். சுமார் 90 லட்சம் கன மீட்டர் கான்கிரீட் கொட்டியிருக்கிறார்கள். மேலே இருந்து பார்த்தால் நீரை நோக்கி வளைந்த வில் போல இருக்கும். நீரின் தள்ளு விசையின் பெரும்பகுதியைத் தன் எடையாலும் மீதியை இரு கரைப் பாறைகளின் மேல் சாய்த்தும் தாங்கும் வடிவம் அது. பின்னால் தேங்கிய நீர் 31 கன கிலோமீட்டர். மேலே துவா குடியரசு வரை நீர் பரவி, ஷகோனார் என்ற ஊரையே வேறு இடத்துக்கு மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று. இவ்வளவு மின்சாரம் யாருக்கு என்றால், பெரும்பகுதி பக்கத்தில் கட்டப்பட்ட அலுமினிய உருக்காலைகளுக்கு. அலுமினியம் உருக்குவது கரண்டை அள்ளி விழுங்கும் தொழில்.

இந்த அணை சும்மா இருந்ததில்லை. 1979 மே மாதம், கட்டுமானம் முடியாத நிலையில் வசந்தகால வெள்ளம் வந்து, ஓடிக்கொண்டிருந்த முதல் யூனிட்டையே மூழ்கடித்தது. நீரை இறைத்து, காயவைத்து, மறுபடி ஓட்டினார்கள். 1985-ல் வெள்ளத்தை மதகு வழியே விட்டபோது, கீழே நீரின் வேகத்தை அடக்குவதற்காகப் போட்டிருந்த தொட்டியின் கான்கிரீட் தளம் பெருமளவு பெயர்ந்து போனது. 1988-ல் மீண்டும் அதே இடத்தில் சேதம். நீர்த்தேக்கம் முழுதாக நிரம்பிய பிறகு அணைச் சுவரிலும் அடிப்பாறையிலும் விரிசல் வழியே கசிவு அதிகரித்தது. 1990-களின் மத்தியில் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தை வரவழைத்து, எப்பாக்சி பிசினை விரிசல்களுக்குள் செலுத்தி அடைத்தார்கள்.

இந்த வரலாற்றின் விளைவு என்னவென்றால், சயானோ என்றதும் எல்லோரும் அஞ்சியது அணைச் சுவரை. சுவர் எவ்வளவு நகர்கிறது, எங்கே கசிகிறது என்பதைப் பல ஆண்டுகள் அளந்துகொண்டே இருந்தார்கள். கீழ்க் கூடத்தில் சுழன்றுகொண்டிருந்த இயந்திரங்கள் மேல் அந்தக் கவலை விழவில்லை.

அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது? அணையின் மேல் பகுதியில் பத்து நுழைவாய்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஏழரை மீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய் அணையின் சரிவில் இறங்கி, அடிவாரத்திலுள்ள இயந்திரக் கூடத்துக்கு வருகிறது. அங்கே நத்தைக் கூட்டைப் போன்ற இரும்பு அறைக்குள் நீர் சுற்றி வந்து, வட்டமாக நிற்கும் தடுப்பு இதழ்களுக்கு நடுவே புகுந்து, டர்பைன் சக்கரத்தைத் திருப்பிவிட்டு, அதன் மையத்தின் வழியே கீழே இறங்கி ஆற்றுக்குப் போகிறது. இதழ்களை அகலத் திறந்தால் அதிக நீர், அதிக மின்சாரம், குறுக்கினால் குறைவு. சக்கரத்தின் தண்டு மேலே ஜெனரேட்டரோடு இணைந்திருக்கும். பிரான்சிஸ் டர்பைன் என்பது இந்த வகைக்குப் பெயர்.

சக்கரத்துக்கு மேலே இருப்பதுதான் மூடி. கீழே நீர் உலகம், மேலே ஆட்கள் நடமாடும் உலகம். இரண்டுக்கும் நடுவில் அந்த ஒரு மூடி. விபத்து நாளில் டர்பைனுக்கு மேல் நின்ற நீரின் உயரம் 212 மீட்டர். அவ்வளவு உயர நீர் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் கொடுக்கக்கூடிய அழுத்தம் 200 டன்னுக்கு மேல். மூடியின் கீழ்ப்பக்கம் முழுவதும் இந்த முழு அழுத்தம் இருக்காது என்றாலும், அதை மேலே தள்ளத் துடிக்கும் விசை எந்த அளவில் இருக்கும் என்று இதை வைத்து யூகிக்கலாம். அந்தத் துடிப்பை 80 ஸ்டட்கள் இரவும் பகலும் இழுத்துப் பிடித்திருந்தன.

இப்போது அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். டர்பைன் முழுச் சுமையில் ஓடும்போது நீர் சக்கரத்தைத் திருப்பிவிட்டு ஏறக்குறைய நேராகக் கீழே இறங்கிவிடும். பாதிச் சுமையில் ஓடினால் அப்படி இறங்காது, சுழன்றுகொண்டே இறங்கும். வாஷ்பேசினில் தண்ணீர் வடியும்போது நடுவில் ஒரு சுழி விழுந்து ஆடுகிறதல்லவா, அதைப் போலச் சக்கரத்தின் கீழே தடித்த கயிறாக ஒரு நீர்ச்சுழல் உருவாகும். அது ஓரிடத்தில் நிற்காமல் குழாய்க்குள் வட்டமடிக்கும். ஒவ்வொரு வட்டத்துக்கும் அழுத்தம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் சக்கரத்துக்கு, தண்டுக்கு, மூடிக்கு, கடைசியில் ஸ்டட்களுக்குப் போய்ச் சேரும்.

பிரான்சிஸ் டர்பைனின் இயல்பு இது. ஆகவே தயாரிப்பாளரே எந்தச் சுமையில் ஓட்டலாம், எதில் ஓட்டக்கூடாது என்று பிரித்துக் கொடுத்துவிடுவார். சயானோவில் விபத்து நாளில் இருந்த நீர்மட்டத்துக்கு, சுமார் 265 மெகாவாட் வரை ஓட்டலாம்; 570-லிருந்து 640 வரையும் ஓட்டலாம். நடுவில் இருக்கும் 265 முதல் 570 வரையான பகுதி ஆகாத பகுதி. அதில் தங்கக்கூடாது; குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் விரைவாகக் கடந்துவிட வேண்டும்.

கடப்பதே வேண்டாம் என்று இருந்துவிடலாமே என்று தோன்றும். அதற்கு மின்தொகுப்பு விடாது. மின்சாரத்தைப் பெரிய அளவில் எளிதாகச் சேமித்து வைக்க முடியாது. எந்த நொடியில் எவ்வளவு செலவோ அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து நழுவும். அனல் மின் நிலையத்தின் கொதிகலனை நினைத்த நேரத்தில் ஏற்றி இறக்க முடியாது. அணு மின் நிலையமும் அப்படித்தான். நீர்மின் நிலையத்தில் இதழ்களைக் கொஞ்சம் திருப்பினால் போதும், சில நொடிகளில் பத்து, நூறு மெகாவாட் ஏறும், இறங்கும். அதனால் தேவை ஏறி இறங்கும்போதெல்லாம் அதற்கேற்ப ஆடும் வேலை நீர்மின் நிலையத்தின் தலையில் விழுகிறது. அதன் மிகப் பெரிய நல்ல குணமே அதன் தேய்மானத்துக்கும் காரணம். இதைச் சொல்லிக்கொண்டு யாரும் நீர்மின்சாரத்தை விளம்பரம் செய்வதில்லை.

இரண்டாம் எண் யூனிட் 1979 நவம்பரில் ஓடத் தொடங்கியது. அதன் ஆயுள் 30 ஆண்டுகள் என்று தயாரித்த லெனின்கிராட் உலோக ஆலை நிர்ணயித்திருந்தது. விபத்து நடந்த அன்று அதற்கு வயது 29 ஆண்டு 9 மாதம். அந்த ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை அதைப் பிரித்துப் பழுது பார்த்தார்கள். சக்கரத்தில் அரிப்பு விழுந்த இடங்களை வெல்டிங் வைத்து நிரப்பினார்கள். சுமையைத் தானே ஏற்றி இறக்கும் புதிய கட்டுப்பாட்டுக் கருவியும் பொருத்தினார்கள். மற்ற யூனிட்களைவிடச் சொன்னபடி கேட்கும் யூனிட் இப்போது இதுதான். ஆகவே சுமையை ஆட்ட வேண்டிய நேரங்களில் முதலில் இதைத்தான் ஆட்டினார்கள். அந்த 80 ஸ்டட்களை ஒருவரும் கழற்றி மீயொலிச் சோதனைக்கு உட்படுத்தவில்லை. கண்ணால் பார்த்துச் சரி என்றார்கள். நட்டுக்கு அடியில், மரைக்குள் ஒளிந்திருக்கும் விரிசல் எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

உலோகம் தளர்ந்துபோவதும் உலோகம் உடைவதும் ஒன்றல்ல. ஒரு ஸ்டட் தாங்கக்கூடிய சுமையைவிட மிகக் குறைந்த சுமையே அதன்மேல் இருந்தாலும், அது லட்சக்கணக்கான முறை கூடிக் குறைந்தால் மரையின் பள்ளத்தில் மயிரிழை விரிசல் ஒன்று தோன்றும். ஒவ்வொரு துடிப்புக்கும் அது கொஞ்சம் உள்ளே நகரும். வெளியே பார்த்தால் ஸ்டட் திடமாக நிற்கும். உள்ளே சுமை தாங்கும் இரும்பு சுருங்கிக்கொண்டே போகும். ஒன்று முறிந்தால் அதன் பங்கு பக்கத்து ஸ்டட்களுக்குப் போகும். அவை ஏற்கெனவே பாதி அறுந்தவை.

ஆகஸ்ட் 16 இரவு, சயானோவிலிருந்து வெகு தொலைவில், அங்காரா ஆற்றின் மீதுள்ள பிராத்ஸ்க் நீர்மின் நிலையத்தில் தகவல் தொடர்புக் கருவிகள் இருந்த அறையில் தீப்பிடித்தது. அதுவரை சைபீரியத் தொகுப்பின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது பிராத்ஸ்க். அதன் தொடர்பு அறுந்ததும் அந்தப் பொறுப்பு சயானோவுக்கு மாறியது. சயானோவில் அந்த வேலைக்கு முன்னால் நின்றது இரண்டாம் யூனிட். விடியும் வரை அதன் சுமை ஏறி இறங்கியது. ஆகாத பகுதியை அது ஆறு முறை கடந்தது என்கிறது பின்னர் வந்த விசாரணை அறிக்கை.

காலை எட்டு மணிக்கு டர்பைன் தாங்கியின் அதிர்வு 600 மைக்ரான் என்று பதிவாகியிருக்கிறது. அனுமதித்த உச்சம் 160. அடுத்த 13 நிமிடங்களில் அது 840-க்குப் போனது. பக்கத்திலிருந்த மற்ற யூனிட்களில் அப்படி எதுவும் இல்லை. அந்த ஓர் உணரி முன்பிருந்தே தவறாகக் காட்டிவந்தது, யூனிட் நின்றிருந்தபோதும் பெரிய எண்ணையே காட்டியது என்ற மறுப்பு பின்னாளில் எழுந்தது. அது உண்மையாக இருந்தால் இன்னும் மோசம். ஓடும் இயந்திரத்தின் நாடியைச் சொல்ல வேண்டிய கருவி பொய் சொல்கிறது என்று தெரிந்தும் அதை மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். அந்த எண் ஏறியபோது இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் ஏற்பாடும் இல்லை. நிறுத்துவதா வேண்டாமா என்பது கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரின் முடிவு. அதிர்வு அதிகமாக இருப்பது அங்கே வழக்கமாகிவிட்ட ஒன்று.

அன்று திங்கட்கிழமை. எட்டு மணிக்குப் பகல் வேலை தொடங்கும். ஆறாம் யூனிட் பழுதுபார்ப்பில் இருந்ததால் அதற்கான ஆட்களும் கூடத்தில் இருந்தார்கள். இயந்திரக் கூடத்திலும் அதன் கீழ்த்தளங்களிலும் அப்போது நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மேல்தளத்தில் சிலர், நீர்மட்டத்துக்கும் கீழே இருந்த பணிமனைகளிலும் பொருள் அறைகளிலும் பலர்.

8:13-க்கு இரண்டாம் யூனிட்டின் மூடி பெயர்ந்தது. மூடி, சக்கரம், தண்டு, மேலிருந்த ஜெனரேட்டரின் பாகம் எல்லாம் சேர்ந்து 900 டன்னுக்கு மேற்பட்ட இரும்பு, தன் குழியிலிருந்து மேல்நோக்கி எழும்பியது. அடியில் திறந்த துவாரத்தில் நொடிக்கு 256 கன மீட்டர் நீர் ஏறியது; அதாவது ஒவ்வொரு நொடியும் இரண்டரை லட்சம் லிட்டர். கூரையும் சுவரும் பிய்ந்தன. கீழ்த்தளங்களில் இருந்தவர்களுக்குப் படிக்கட்டை அடையும் அவகாசம்கூடக் கிடைக்கவில்லை.

இனி இரண்டாம் கேள்வி. தண்ணீரை நிறுத்த இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, டர்பைனைச் சுற்றியுள்ள தடுப்பு இதழ்கள். இரண்டு, வெகு மேலே, குழாயின் நுழைவாயில் இறக்கப்படும் அவசர மதகு. இரண்டையும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்கலாம். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? இதே நிலையத்திலிருந்து, இதே கூடத்தின் வழியாக ஓடும் கேபிள்களிலிருந்து.

கூடம் மூழ்கிய சில நொடிகளில் கட்டுப்பாட்டுப் பலகைகள் நீருக்குள் போயின. விளக்கு, தொலைபேசி, கருவிகள் எல்லாம் செத்தன. 4,100 மெகாவாட் கொடுத்துக்கொண்டிருந்த நிலையம் பூஜ்யத்துக்கு வந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒன்பது யூனிட்களில் ஐந்தாம் எண்ணில் மட்டும் இதழ்கள் தாமாக மூடிக்கொண்டன. மற்றவற்றின் இதழ்கள் கடைசியாக இருந்த நிலையிலேயே நின்றுவிட்டன. வெளியே எடுத்துச் செல்ல மின்கம்பி இல்லை, ஆனால் நீர் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது என்றால் டர்பைன் கட்டுக்கடங்காத வேகத்தில் சுழலும். ஏழாம், ஒன்பதாம் யூனிட்கள் அப்படிச் சுழன்றே சிதைந்தன.

மின்சாரம் போனால் தானாக விழுந்து மூடும்படி ஒரு மதகை வடிவமைக்க முடியும். அதன் எடையே போதும். சயானோவில் அது அப்படிச் செயல்படவில்லை. ஆட்கள்தான் போக வேண்டியிருந்தது. நிலையப் பணியாளர்கள் எட்டுப் பேர் சுமார் எட்டரை மணிக்கு அணையின் உச்சிக்குப் போனார்கள். மதகு அறையின் இரும்புக் கதவைத் திறந்து உள்ளே புகுந்தார்கள். வெளிச்சம் இல்லை. கீழே இன்னும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், அணை நிற்குமா என்று எதுவும் தெரியாது. ஒவ்வொரு மதகாகக் கையால் விடுவித்து இறக்கினார்கள். எல்லாம் மூடப்பட்டபோது மணி ஏறக்குறைய 9:20. அந்த எட்டுப் பேர் போயிருக்காவிட்டால் இறந்தோர் எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். ஸ்டட் முறிந்ததை ஒரு பொருளின் சோர்வு என்று சொல்லலாம். நீரை நிறுத்தும் கடைசிக் கருவியை, அந்த நீரே முதலில் அணைக்கப்போகும் மின்சாரத்தோடு கட்டிவைத்தது மனிதர்கள் மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவு.

நுழைவாய்களை மூடியதோடு சிக்கல் தீரவில்லை. யெனிசெய் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. டர்பைன் வழி அடைபட்டுவிட்டது. கீழே ஆறு வற்றக்கூடாது, மேலே நீர்மட்டம் அளவு மீறக்கூடாது. ஆகவே உபரி நீர் மதகுகளைத் திறக்க வேண்டும். அவற்றைத் தூக்கும் கிரேனுக்கும் மின்சாரம் வேண்டும். ஒரு நடமாடும் டீசல் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து, பதினொன்றரை மணிக்குக் கிரேனுக்கு இணைத்தார்கள். மதியம் 1:07-க்குப் பதினொரு மதகுகளும் திறந்திருந்தன.

கீழே செரியோமுஷ்கி என்ற ஊர். நிலையத் தொழிலாளர்களின் குடும்பங்கள் அங்கேதான் இருந்தன. சத்தம் கேட்டது, நீர் பொங்குவது தெரிந்தது, அலுவலகத் தொலைபேசி எடுக்கப்படவில்லை. அணை உடைந்துவிட்டது என்ற பேச்சு சயானோகோர்ஸ்க், அபகான் நகரங்கள் வரை பரவியது. மக்கள் மலைமேல் ஏறினார்கள். கார் வைத்திருந்தவர்கள் பெட்ரோல் பங்க்குகளில் வரிசை கட்டினார்கள். உலகத்தின் பெரிய அணைகளில் ஒன்றுக்குக் கீழே குடியிருந்த மக்களுக்கு, அணை பத்திரமாக இருக்கிறது என்ற ஒற்றை வரியைச் சொல்ல அந்த நேரத்தில் ஓர் ஏற்பாடு இருக்கவில்லை.

டிரான்ஸ்பார்மர் எண்ணெய் டன் கணக்கில் ஆற்றில் கலந்து மிதந்தது. கீழே இருந்த மீன் பண்ணைகளில் சுமார் 400 டன் டிரவுட் மீன்கள் செத்தன. உருக்காலைகளுக்கு மின்சாரம் தடைப்பட்டது. மற்ற நிலையங்களின் உற்பத்தியை ஏற்றித் தொகுப்பைச் சமன் செய்தார்கள். மூழ்கிய கூடத்தில் நீரை இறைத்தபடி உடல்களைத் தேடும் வேலை வாரக்கணக்கில் நீண்டது. 75 என்ற எண் ஒரே நாளில் வந்ததல்ல.

குண்டு வைத்தது நாங்கள்தான் என்று ஒரு செச்சென் குழு அறிவித்தது. வெடிமருந்தின் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. புலனாய்வாளர்கள் அதை ஒதுக்கினார்கள். ரஷ்யாவின் தொழில்துறைப் பாதுகாப்பு அமைப்பான ரோஸ்தெக்நாட்சோர் 2009 அக்டோபர் 3 அன்று அறிக்கையை வெளியிட்டது. சிதைவுகளிலிருந்து எடுத்த 49 ஸ்டட்களை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருந்தார்கள். 41-ல் தளர்ச்சி விரிசல்கள். அவற்றில் எட்டில், குறுக்குவெட்டின் 90 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே அறுந்திருந்தது. கடைசி நாளில் சுமையைத் தாங்க எஞ்சியிருந்தது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இரும்பு. ஆறு ஸ்டட்களில் மரை கொஞ்சமும் சேதமடையவில்லை. நட்டு போட்டு இறுக்கியிருந்த ஸ்டட்டிலிருந்து மூடி பிய்த்துக்கொண்டு போனால் ஒன்று தண்டு முறிய வேண்டும், அல்லது மரை சிதைய வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால், அந்த ஆறிலும் விபத்து நேரத்தில் நட்டே இல்லாமல் இருந்திருக்கலாம் என்பதுதான் பொருள். அறிக்கையில் என்னை அதிகம் உலுக்கிய வரி இதுதான். இயற்பியலுக்கு அதில் வேலையே இல்லை. ஒரு ஆள் ஸ்பானரோடு போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இதற்கு முன்னுதாரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1983-ல் இன்றைய தஜிகிஸ்தானில் உள்ள நூரெக் நீர்மின் நிலையத்தில், இதே போல டர்பைன் மூடியின் ஸ்டட்கள் தளர்ச்சியால் முறிந்தன. அங்கே பேரழிவாகும் முன்பே நீரை நிறுத்த முடிந்தது. அன்று ஒரே சோவியத் நாடாக இருந்தும், ஒரு நிலையத்தில் கிடைத்த பாடம் இன்னொரு நிலையத்தின் பராமரிப்புக் கையேட்டில் ஏறவில்லை.

அறிக்கை பலரைப் பெயர் சொல்லிச் சுட்டியது. நிலைய நிர்வாகம் தொடங்கி, 2000-ல் நிலையம் முழுமையாக முடிந்தது என்று ஏற்கும் ஆவணத்தில் கையெழுத்திட்ட, அப்போதைய தேசிய மின் நிறுவனத் தலைவர் அனதோலி சுபைஸ் வரை அந்தப் பட்டியல் போனது. வழக்கு நீண்டு, 2014 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நிலையத்தின் முன்னாள் இயக்குநருக்கும் தலைமைப் பொறியாளருக்கும் ஆறாண்டு சிறை. மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு. மேல்மட்டத்திலிருந்து எவரும் கூண்டில் ஏறவில்லை.

விபத்துக்குப் பிந்தைய குளிர்காலம் இன்னொரு சோதனை. டர்பைன்கள் ஓடாததால் ஆற்று நீர் முழுவதையும் உபரி மதகு வழியே விட வேண்டியிருந்தது. உறைநிலைக்குக் கீழே முப்பது டிகிரி குளிரில் அந்த நீரின் தூவல் சுற்றியிருந்த எல்லாவற்றின் மேலும் பனிக்கட்டியாகப் படிந்தது. கிரேனும் அதன் பாதையும் பனியின் எடையில் சரியாமல் இருக்க ஆட்கள் இரவும் பகலும் பனியை உடைத்துக்கொண்டிருந்தார்கள். சேதம் குறைவாக இருந்த ஆறாம் யூனிட் 2010 பிப்ரவரி 24 அன்று மறுபடி ஓடியது. கரைப்பாறையைக் குடைந்து அமைத்துவந்த புதிய உபரி நீர்வழி அந்த ஆண்டே பகுதியளவில் பயன்பாட்டுக்கு வந்தது.

கடைசியில் எல்லா யூனிட்களையும் புதிதாக மாற்றினார்கள். பழைய இயந்திரங்களைச் செய்த அதே லெனின்கிராட் ஆலையின் வழிவந்த நிறுவனம்தான் புதியவற்றையும் செய்தது. மொத்தச் செலவு சுமார் 41 பில்லியன் ரூபிள். கடைசியாக 2014 நவம்பர் 12 அன்று இணைக்கப்பட்டது இரண்டாம் எண் யூனிட். புதியவற்றின் ஆயுள் 40 ஆண்டுகள் என்று குறித்திருக்கிறார்கள். மேல் மதகுகளுக்குக் கூடத்தைச் சாராத தனி மின்சாரமும் டீசல் ஜெனரேட்டர்களும் வைத்திருக்கிறார்கள். அதிர்வு எல்லை மீறினால் ஆளைக் கேட்காமல் இயந்திரம் நிற்கும். ஸ்டட்களை மீயொலி வைத்துச் சோதிக்கிறார்கள். ஆகாத பகுதி மட்டும் புதிய இயந்திரங்களிலும் இருக்கிறது. பிரான்சிஸ் டர்பைன் இருக்கும்வரை அது இருக்கும். சைபீரியாவில் தேவை ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த யூனிட்கள் அதைக் கடந்துகொண்டுதான் இருக்கின்றன.